நான் பார்த்தேன் என்று சொன்னேன்

வெடி கேட்டபோது நான் பால்கனியில் ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை, பட்டப்பகல். குளிர்காலம் முடிந்து முதல் முறையாக உடுப்புகளை வெளியே காயவிடலாம் என்ற அளவுக்கு வெயில் எறித்தது. அடுத்த சத்தம் வரும்போது நான் சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தேன். யாரும் என்னைப் படுக்கச் சொல்லவில்லை. உடம்பு தானாகப் படுத்துக்கொண்டது.

பால்கனிக் கம்பிகளுக்கு இடையால் கீழே வாகனத் தரிப்பிடம் தெரிந்தது. சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெடியன் தொடையைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தான். இன்னொருவன் கறுப்பு ஜக்கெற்றோடு சாம்பல் நிறக் கார் ஒன்றை நோக்கி ஓடினான். ஓட்டத்தில் அவன் தொப்பி பின்னால் விழுந்தது. அதை எடுக்கத் திரும்பினான். அப்போது முகம் தெரிந்தது. கதவு திறந்திருந்த காரில் ஏறினான், கார் போய்விட்டது. அந்த முகத்தை இன்றைக்குக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும்.

உள்ளே என் மகள் யன்னலோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இங்கே பிறந்தவள், தாதிப் படிப்புப் படிக்கிறவள். "புதுவருசத்து மிச்ச வெடியைக் கொளுத்துறாங்கள், அம்மா" என்று டேனிஷில் சொன்னாள். அதற்குள் என் கணவர் வீட்டுக்குள் நடைவழித் தரையில் கிடந்தார், தெருவுக்கும் தனக்கும் இடையில் இரண்டு சுவர் இருக்கும்படி. அங்கிருந்து ஊர்ந்து வந்து மகளின் கணுக்காலைப் பிடித்து இழுத்து விழுத்தினார். முழங்கை அடிபட்டு அவள் கத்தினாள்.

"அப்பா, உங்களுக்கு என்ன பைத்தியமோ?"

"வாயை மூடிக்கொண்டு படு," என்றார் அவர். அவளோடு அவர் அப்படிக் கதைத்ததே இல்லை.

எனக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். இந்தச் சத்தத்தை விட்டு ஓடித்தானே இந்த நாட்டுக்கு வந்தோம்? எங்கள் இருவருக்கும் இங்கே தலை நரைத்துவிட்டது. நான் முதியோர் இல்லத்தில் டேனிஷ்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டி, அவர் குளிர்களஞ்சியத்தில் இறைச்சிப் பெட்டி தூக்கி, கொப்பன்ஹேகனுக்கு மேற்கே இந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டை எடுத்து இருந்தோம். துவக்குச் சத்தம் எப்படி இருக்கும் என்று என் பிள்ளைக்குத் தெரியாமல் வளர்த்ததுதான் என் வாழ்நாளில் நான் செய்த பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். எவனோ ஒருவன் தொப்பி போட்டுக்கொண்டு வந்து அதைச் சனிக்கிழமை மத்தியானத்தில் கெடுத்துவிட்டான்.

பொலிஸ் உடனே வந்தது. அதை மறுக்கமாட்டேன். நாய் வந்தது, வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்தார்கள், ஹெலிகொப்டர் எங்கள் கூரைக்கு மேலே சுற்றியது. சுடப்பட்டவனை உயிரோடு கொண்டுபோனார்கள். தரிப்பிடத்தைச் சுற்றி நாடா கட்டினார்கள். அடுத்த வாசற்படியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. எங்களிடமும் வருவார்கள் என்று நான் சேலை மாற்றிக்கொண்டு, கேத்திலில் தண்ணீர் வைத்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. திங்கட்கிழமை நானே தொலைபேசி எடுத்தேன். சுட்டவனின் முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னேன். ஒரு பெண் என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு, "யாராவது உங்களைத் தொடர்புகொள்வார்கள்" என்றாள். யாரும் தொடர்புகொள்ளவில்லை. திரும்பவும் எடுத்தேன். அதே பதில், வேறு குரல்.

என் தங்கச்சி அமெரிக்காவில், பெரிய ஏரி ஒன்றின் கரையிலுள்ள நகரத்தில் இருக்கிறாள். புருசனும் அவளுமாகப் பெற்றோல் நிலையமும் அதோடு சேர்ந்த கடையும் நடத்துகிறார்கள். அவளுக்குச் சொன்னபோது, மழை பெய்ததா என்று கேட்பவளைப்போல, "எத்தினை வெடி?" என்றாள்.

"நாலோ ஐஞ்சோ. எண்ணிக்கொண்டே கிடந்தனான்?"

"பொலிஸ் வந்ததோ?"

"உடனை வந்தது. ஹெலிகொப்டரும் வந்தது."

அவள் சிரித்தாள். "குடுத்து வைச்சனியள் அக்கா. இஞ்ச நாங்கள் ரத்தத்தைக் கழுவி முடிஞ்ச பிறகும் வந்திருக்கினம்."

எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அவள் இதையெல்லாம் என்னிடம் சொன்னதில்லை.

"முழு ஊரும் சுடுபடுறேல்லை அக்கா. வெளியில இருக்கிற ஆக்கள் அப்பிடித்தான் நினைக்கினம். ஏரிப் பக்கம் போனால் வெள்ளையள் நாயோட ஓடித்திரியினம். இது நாலைஞ்சு தெரு. அதே பெடியள். இண்டைக்கு இவன்ர ஆளைச் சுட்டால் அடுத்த கிழமை அவன்ர ஆள் விழுவான். வெயில் வந்தால் கூடும். பொலிசுக்கும் இது நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் பிடிக்கேல்லை?"

"எங்கட சந்தியில ஒரு கம்பம் நட்டிருக்கினம். வெடிச் சத்தத்தைக் கேட்டு அவைக்கு அறிவிக்கிற கருவியாம். கருவி சொன்னால் வருவினம். வெடிச்ச ரவையின்ர வெறுங்கோதைப் பொறுக்கிப் பையில போடுவினம். அந்த நேரம் தெருவில நிக்கிற பெடியள் எல்லாரையும் சுவரோட நிப்பாட்டித் தடவுவினம். பிறகு போவினம். கருவி சொன்னாக் கேக்கினம், ஆக்கள் சொன்னாக் கேக்க ஆளில்லை. அதாலை ஆக்கள் சொல்லுறதை விட்டிட்டினம்."

கடைக்குப் பால் வாங்க வரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அவள் மகனைச் சுட்டவன் யாரென்று அவளுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். அவனும் அதே கடைக்குச் சிகரெட் வாங்க வருகிறான். சில நாட்களில் இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்களாம்.

"நான் ரெண்டு பேருக்கும் குட் மோர்னிங் சொல்லுறன் அக்கா. வேறை என்ன செய்யிறது? நீ பார்த்ததை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"நான் பொலிசுக்குச் சொல்லிப்போட்டன்."

"அவை திருப்பி எடுக்காட்டில் அது உன்ர நல்ல காலம்," என்றாள். நான் கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

சோதனை வலயம் வந்தது அந்தக் கிழமை. டேனிஷில் அதற்கு வாய்க்குள் அடங்காத ஒரு சொல் இருக்கிறது. பொருள் எளிது: வரைபடத்தில் ஒரு கோடு கீறுவார்கள், அந்தக் கோட்டுக்குள் யாரையும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் மறித்துச் சோதிக்கலாம். எங்கள் கட்டடங்கள் எல்லாம் கோட்டுக்குள். தண்டவாளத்துக்கு அங்காலே தோட்டத்தோடு இருக்கும் தனி வீடுகள் கோட்டுக்கு வெளியே. தூரத்துச் சின்ன ஊரான கிரின்ஸ்டெட்டில் இருக்கும் என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணர் செய்தியைப் பார்த்துவிட்டு எடுத்தார். "இஞ்சாலை வாங்கோ. வெடிச்சத்தமும் இல்லை, பஸ்ஸும் இல்லை," என்றார். நான் ஏன் போக வேண்டும்? வாடகை கட்டி இருக்கிற வீட்டைவிட்டு, தொப்பிக்காரனுக்குப் பயந்து இன்னொரு இடம்பெயர்வா? ஒரு ஆயுளுக்குப் போதுமான அளவு இடம்பெயர்ந்தாயிற்று.

அதன் பிறகு என் கணவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து வந்து, குளித்து, வேட்டி கட்டி, மேலே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ரயிலேறிப் போகிற மனிதர். கேட்டால் இடுப்பு நோகுது என்றார். அடுத்த வெள்ளி தடிமன், மூக்கடைப்பு என்றார். கடைக்குப் போவதற்கும் நேர்வழியை விட்டுப் பாடசாலைக்குப் பின்னால் சுற்றிப் போகத் தொடங்கினார்.

காரணத்தை எனக்குச் சொன்னவர் கீழ்வீட்டு டேனிஷ்கார முதியவர். நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு நாளைக்குப் பல தடவை வெளியே போகிறவர். குப்பை போடும் இடத்தில் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். "உங்கள் கணவருக்கு நடந்ததற்கு நான் வெட்கப்படுகிறேன்," என்றார்.

"என்ன நடந்தது?" என்றேன்.

அவருக்கு முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. எனக்குத் தெரியாது என்று அவர் நினைக்கவில்லை.

பிறகு, நாயோடு நின்று தான் கண்டதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை பின்னேரம், நல்ல வெளிச்சம். ரயில் நிலையத்திலிருந்து வரும் பாதையில் இரண்டு பொலிசார் என் கணவரை நிறுத்தியிருக்கிறார்கள். இருவருக்கும் என் மகளின் வயதுதான் இருக்கும். "வணக்கம், இது சோதனை வலயம், பையைப் பார்க்கலாமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்களாம். அவர்கள் கேட்டு முடிக்கும் முன்பே என் கணவர் பையை நிலத்தில் வைத்துவிட்டு, இரண்டு அடி பின்னால் போய், கைகளைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். "கையைத் தூக்கத் தேவையில்லை," என்றார்களாம். அவர் கையை இறக்கவில்லை. பைக்குள் வாழைப்பழம், விபூதி, ஒரு சின்னப் பொதியில் கற்பூரம். அது என்ன என்று முகர்ந்து பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் டேனிஷ் பேசிய மனிதருக்கு அந்த நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. சோதித்து முடித்து, நன்றி சொல்லி, நல்ல வார இறுதியாக அமையட்டும் என்று வாழ்த்திப் போனார்களாம். அவர்கள் போன பிறகும் கை மேலேதான் இருந்தது என்றார் முதியவர்.

"நான் அவர்களிடம் போய் என்னையும் சோதியுங்கள் என்றேன். நானும் கோட்டுக்குள்தானே இருக்கிறேன்? சிரித்துவிட்டு நாயைத் தடவினார்கள்."

நல்ல மனிதர். ஆனாலும் அந்த நிமிடம் எனக்கு அவர்மேலும் ஆத்திரம் வந்தது. என்னைச் சோதி என்று பொலிசிடம் கேட்க அவருக்கு முடிகிறது. என் கணவருக்கு அது கனவிலும் முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரனின் காவலரண் சென்றியில் கையைத் தூக்கச் சுணங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல என்ன கிடக்கு? அவங்கள் மரியாதையாத்தான் கதைச்சவங்கள்."

"சுட்டவனைக் கண்ட நான் போன் எடுத்தால் திருப்பி எடுக்க ஆளில்லை. கற்பூரம் கொண்டுவந்த உங்களைத் தடவ ரெண்டு பேர். இதுவோ மரியாதை?"

"விடு," என்றார். அவர் 'விடு' என்றால் தன்னை விடு என்று அர்த்தம். மகள் அறையிலிருந்து வந்து, "சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருக்கு, அம்மா" என்றாள், டேனிஷில். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குடியிருப்பாளர் மண்டபத்தில் பொலிஸ் ஒரு கூட்டம் வைத்தது. கோப்பி, கேக். உயரமான ஒரு அதிகாரி திரையில் எங்கள் வரைபடத்தைக் காட்டி, வலயத்தால் அமைதி திரும்புகிறது என்றார். சில கத்திகளும் கஞ்சாவும் அகப்பட்டன என்றார். துவக்கு அகப்பட்டதா என்று யாரோ கேட்டதற்கு, புலன்விசாரணை பற்றிப் பேச முடியாது என்றார். மக்கள் தாமாக முன்வந்து தகவல் தரவேண்டும், இப்படியான பகுதிகளில் சனங்கள் வாய் திறக்கப் பயப்படுவதுதான் பெரிய தடை என்றார்.

அதைக் கேட்டதும் நான் எழும்பிவிட்டேன். என் டேனிஷ் சுத்தமானதல்ல. முதியோர் இல்லத்தில் கற்ற டேனிஷ், வயோதிபர்களோடு பேசுவதற்காக உரத்துப் பேசிப் பழகியது. அன்றைக்கு அது உதவியது.

"நான் பயப்படவில்லை," என்றேன். "சுட்டவனின் முகத்தை நான் பார்த்தேன். இரண்டு தரம் உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் வரவில்லை. ஆனால் கோயிலுக்குப் போய்வந்த என் கணவரை மறித்துத் தடவ உங்களுக்கு ஆளிருந்தது. எங்கள் வாய் திறந்துதான் இருக்கிறது. உங்கள் காதைப் பற்றிச் சொல்லுங்கள்."

கைதட்டுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேனா தெரியாது. யாரும் தட்டவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெண் தன் கதிரையை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினாள். அப்போதுதான் விளங்கியது: பொலிசுக்குச் சொன்னதை இப்போது முழுக் குடியிருப்புக்கும் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும், கூட்டத்தில் இருந்த மகள் ஒரு பையில் உடுப்பை அடுக்கிக்கொண்டு, கொஞ்ச நாள் சிநேகிதி வீட்டில் நிற்கப் போவதாகச் சொன்னாள். "உங்களுக்குத் துணிச்சல் இருக்கலாம். அதே படிக்கட்டால்தான் நானும் ஏறி இறங்க வேணும்," என்றாள். இதைத் தமிழில் சொன்னாள்.

அடுத்த நாளே துப்பறிவாளர் ஒருவர் வந்தார். என் முதல் அழைப்பு எங்கோ தவறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். மேசையில் படங்களைப் பரப்பினார். நான் ஒன்றின்மேல் விரலை வைத்தேன். அவர் கோப்பியைக் குடிக்காமலே எழும்பினார். சில நாட்களில் அவனைப் பிடித்தார்கள். இன்னொரு இடத்தில் நிறுத்தியிருந்த அவன் வண்டிக்குள் துவக்கும் இருந்ததாம்.

இலையுதிர் காலத்தில் நீதிமன்றம் கூப்பிட்டது. நான் கேட்காமலே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் சாட்சி சொன்னவன் சுடப்பட்ட பெடியன். தடியூன்றி வந்தான். "நான் எதையும் பார்க்கவில்லை, யார் சுட்டது என்று தெரியாது," என்று சொல்லிவிட்டு, குற்றம்சாட்டப்பட்டவனைப் பார்க்காமல் தடியூன்றிப் போனான். தங்கச்சியின் கடை வரிசை அந்த இடத்துக்கே வந்துவிட்டதுபோல இருந்தது எனக்கு.

நான் பார்த்ததைச் சொன்னேன். பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழும்பினார். இனிமையான குரல். நான் எந்த ஊர் என்று கேட்டார். அங்கே யுத்தம் நடந்தபோது நான் இருந்தேனா என்று கேட்டார். சூடுபட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேனா? ஓம் என்றேன். சத்தம் கேட்டவுடன் என்ன செய்தேன்? நிலத்தில் விழுந்தேன் என்றேன்.

"அப்படியானால், அந்தக் கணத்தில் நீங்கள் உண்மையில் எந்த நாட்டில் இருந்தீர்கள்? அன்றைய பயத்தில், முன்னொரு காலத்தில் பார்த்த ஒரு முகத்தை இங்கே பார்த்ததாக உங்களுக்குத் தோன்றியிருக்கலாம் அல்லவா?"

மொழிபெயர்ப்பாளர் தமிழில் தொடங்கினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எங்கள் ஊரில் சுட்டவர்கள் சீருடை போட்டிருந்தார்கள். இவர் பேஸ்போல் தொப்பி போட்டிருந்தார்," என்றேன் டேனிஷில். "துவக்குச் சத்தத்தைப் பட்டாசு என்று நினைக்காத இரண்டு பேர்தான் அன்று எங்கள் வீட்டில் இருந்தார்கள். அதில் ஒருத்தி நான். யுத்தத்தில் இருந்தவள் எப்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று அறிவாள்."

நீதிபதி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். வழக்கறிஞர் வேறு கேள்வி இல்லை என்று அமர்ந்தார். பின் வரிசையில் சுடப்பட்ட பெடியனின் தாய் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மீது மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

துவக்கு வைத்திருந்ததற்காகத் தொப்பிக்காரனுக்குச் சிறை கிடைத்தது. சுட்டது அவன்தான் என்பது நிரூபணமாகவில்லை. சாட்சியின் வாக்குமூலத்தை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வரமுடியாது என்றார்கள். சாட்சி என்றால் நான். தங்கச்சிக்குச் சொன்னேன். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. "கோர்ட்டுக்காவது போச்சுதே அக்கா," என்று மட்டும் சொன்னாள். அவளுடைய குரலில் பொறாமை இருந்ததை நான் கவனித்தேன். தெருவில் சுடுகிறவனை நீதிமன்றத்தில் பார்ப்பதற்குப் பொறாமைப்படும் நிலைக்கு என் தங்கச்சியை ஒரு நாடு கொண்டுவந்து வைத்திருக்கிறது.

மகள் திரும்பி வந்தாள். அறையைத் துடைத்து, கட்டிலை யன்னலிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள். வலயத்தைப் பலமுறை நீட்டித்து, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்தார்கள். என் கணவர் மட்டும் இன்னும் பாடசாலைக்குப் பின்னால் சுற்றித்தான் போகிறார்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் பொலிசுக்கு மறுபடி ஒருமுறை எடுத்தேன். வேலைக்கு விடுப்பாக இருந்த ஒரு காலைநேரம். எனக்கு நட்டஈடு வேண்டாம், முறைப்பாடும் இல்லை, யாராவது ஒருவர் என் கணவரோடு பேசி, நடந்தது பிழை, மன்னியுங்கள் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும், அது போதும் என்றேன். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். கணினியில் தேடினார்.

"உங்கள் கணவர்மீது எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை," என்றார். "சோதனையும் சட்டப்படியே நடந்திருக்கிறது. ஆகவே மன்னிப்புக் கேட்பதற்கு எதுவும் நடக்கவில்லை."

"திருப்பிச் சொல்லுங்கள்," என்றேன்.

அவர் அதே பொறுமையோடு திருப்பிச் சொன்னார்.

குசினியில் என் கணவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "ஆர் போனிலை?" என்றார்.

"பொலிஸ்."

"என்னவாம்?"

"ஒண்டும் நடக்கேல்லையாம்," என்றேன்.